கடப்புறத்தில் குருணை பொறுக்கியபோது

நான் குமரி மாவட்டத்து மேற்குக் கடற்கரை ஊர்க்காரி. 2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் பிழைத்தார்கள், அது பெரிய நிம்மதி. ஆனால் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கொள்கலன்கள் கடலோடு போயின. சில நாட்களிலேயே எங்கள் கடப்புறத்தில் 25 கிலோ மூட்டைகள் ஒதுங்கத் தொடங்கின. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணை. குடம், பை, குழாய் எல்லாம் இதை உருக்கித்தான் செய்கிறார்கள்.

முழு மூட்டையைத் தூக்கிவிடலாம். கிழிந்து சிதறியதை அள்ளுவதுதான் பெரும்பாடு. உளுந்து அளவுகூட இருக்காது. பாசியிலும் சுள்ளியிலும் கலந்து கிடந்தது. மழைக்காலம் வேறு, ஈர மணல் சல்லடைக் கண்ணை அடைத்துக்கொண்டது. அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாளியில் கடல் தண்ணீர் எடுத்து, மணலை அதில் கொட்டிக் கலக்கச் சொன்னார். மணல் அடியில் தங்கியது, குருணை மேலே மிதந்தது. டீ வடிகட்டியால் அள்ளினோம். ஒரு திட்டைச் சுத்தம் செய்துவிட்டு வந்தால் மறுநாள் காலையில் அலை திரும்பவும் கொண்டுவந்து போட்டிருக்கும்.

மீனும் பறவையும் இதை மீன் முட்டை என்று விழுங்கிவிடும், செரிக்காது. கடலில் கிடக்கக் கிடக்க மற்ற நச்சுகளும் இதில் ஒட்டிக்கொள்ளும். மீன் விற்கும் பாட்டி ஒருவர், "மக்களே, சாளைய அறுத்துக் காட்டினாத்தான் வாங்குவோம்னு சொல்லுதாவ" என்று கண் கலங்கினார். மீனவர்கள் செய்யாத குற்றத்துக்கு அவர்கள் வயிற்றில் அடி.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்து மூழ்கியபோது அதில் சுமார் 1,680 டன் குருணை இருந்தது. அத்தனை நாசத்தைப் பார்த்த பிறகும் கப்பல் போக்குவரத்துக்கு விதி வகுக்கும் ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024இல் பரிந்துரைகளோடு நிறுத்திக்கொண்டது: உறுதியான மூட்டையில் கட்டுங்கள், முடிந்தவரை கப்பலின் மேல்தளத்தில் அடுக்காதீர்கள் என்று. கட்டாயம் எதுவும் இல்லை. ஆபத்தான சரக்குகளின் பட்டியலில் இந்தச் சாதாரணக் குருணை இடம்பெறவே இல்லை. அதைச் சேர்க்கும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் கரையில் கண்டால் இடமும் தேதியும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கையுறை போட்டு அள்ளிப் பையில் கட்டி, உள்ளாட்சிப் பணியாளர்களிடம் கொடுங்கள். மணலில் புதைக்க வேண்டாம், எரிக்கவும் வேண்டாம்.