மொரிஸ் மைனரின் பின் அச்சுக்கு 4.22 கியர் விகிதம் நல்லதா, 3.9 நல்லதா?

அண்ணாமார், கொஞ்சம் யோசனை சொல்லுங்கோ. அப்பா விட்டுப்போன கார் மொரிஸ் மைனர் 1000, என்ஜின் 948 சிசி. பின் அச்சில் கியர் பற்களை எண்ணினேன்: 9க்கு 41, அதாவது விகிதம் 4.55 (சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 4.55 முறை சுற்றும்). கொழும்பில் வெள்ளவத்தைக்குள் ஓட அருமையான கியர். தெற்கு அதிவேகப் பாதையில் காலிக்குப் போனால்தான் தொல்லை. 145 டயரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கே என்ஜின் நிமிடத்துக்கு 3,400 சுற்றுச் சுற்றுகிறது. பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும்.

1098 சிசி மைனரின் 4.22 போட்டால் அதே வேகத்துக்கு 3,100 அளவில் வரும். எம்ஜி மிஜெட் காரின் 3.9 என்றால் 2,900. ஒரு நண்பரிடம் 3.9 சும்மா கிடக்கிறது, ஆசையாக இருக்கிறது. ஆனால் என் என்ஜின் 37 குதிரைவலுதானே! நாலு பேரோடு கண்டி வீதியின் கடுகண்ணாவ ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே ஊர வேண்டி வருமோ என்று பயம்.

948இல் 3.9 போட்டு ஓடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கண்டிக்கு எந்தக் கியரில் ஏறினீர்கள்? அப்புறம் ஸ்பீடோமீட்டர்: கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால், 3.9 போட்டபின் முள் 80 காட்டும்போது கார் 93இல் போகும். அதை எப்படிச் சரிசெய்தீர்கள்? பொலிஸ்காரரிடம் இந்தக் கணக்கை விளக்க முடியாது.