அம்மாவின் இதயக் குளிசையோடு பல்லுக்குத் தந்த குளிசையும் போடலாமா? அவசரம்

சாவகச்சேரி மகன் (இரவு 7.42)
அம்மா பல வருடமாக இதயத்துக்குக் குளிசை போடுகிறார். பல் பிடுங்கிய இடத்தில் சீழ் வைத்ததால் தனியார் பல் வைத்தியர் ஒருவர் வேறு குளிசை தந்தார். ஐந்து நாளாக இரண்டும் போடுகிறார். இன்று காலையிலிருந்து முரசில் இரத்தம் கசிகிறது. இரண்டும் ஒத்துக்கொள்ளாதவையா? இரவுக் குளிசையைக் கொடுக்கட்டுமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வல்வை வாசன் (7.48)
தம்பி, எந்த இதயக் குளிசை? இரத்த அழுத்தத்துக்கா, கொழுப்புக்கா, இரத்தம் உறையாமல் இருக்கவா? பெயர் வேண்டும். அம்மாவின் வயதும் வேண்டும்.

ஏழாலையூரான் (7.51)
கம்பனி மாறியிருக்கிறதா பாருங்கள். 2022 தட்டுப்பாட்டு நாட்களில் என் அப்பாவுக்கு வேறு கம்பனிக் குளிசை வந்தது. நிறத்தை நம்பி 1 மில்லிகிராம் என்று நினைத்து 3 மில்லிகிராம் போட்டுவிட்டார். இதுவும் அதுவாகத்தான் இருக்கும்.

பழைய உறுப்பினர் (7.55)
மருந்தைப் பற்றிக் கேட்பவர் பெயர், அளவு, எத்தனை வேளை என்ற மூன்றையும் எழுத வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! பெயர் தெரியாத குளிசையைத் தாய்க்குக் கொடுப்பது படித்த பிள்ளை செய்கிற வேலை அல்ல.

சாவகச்சேரி மகன் (8.03)
கிளினிக் கொப்பியில் வார்பரின் 3 மி.கி. என்று இருக்கிறது. வயது 68. பல் குளிசையை உதிரியாகக் கடதாசிப் பையில் போட்டுத் தந்தார்கள். பையில் ‘நாளுக்கு 3’ என்பதைத் தவிர எதுவும் எழுதவில்லை. பல் வைத்தியர் தொலைபேசியை எடுக்கவில்லை.

கொக்குவில் மருந்தாளர் (8.07)
தம்பி, வார்பரின் இரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது. அம்மாவிடம் இப்போதே கேளுங்கள்: வாயில் உலோகச் சுவை இருக்கிறதா? உடம்பில் அடிபடாமலே நீலக் கண்டல் இருக்கிறதா? மலம் கறுப்பாகப் போகிறதா? தலையிடி உண்டா? கடைசி ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமெடுக்கிறது என்று காட்டும் பரிசோதனை எண், கூடினால் இரத்தம் கசியும்) எவ்வளவு?

கீரைத்தோட்டம் (8.10)
வார்பரின் போடுபவர் வல்லாரைச் சம்பலையும் முருங்கையிலை வறையையும் தொடவே கூடாது. இரத்தம் கசிவது அதனால்தான்.

வல்வை வாசன் (8.14)
நேர்மாறாகச் சொல்கிறீர்கள். கீரையில் இருக்கும் விற்றமின் கே இரத்தத்தை உறையவைக்க உதவுகிறது. கீரை கூடினால் ஐஎன்ஆர் இறங்கும். வழமையாகக் கீரை சாப்பிட்டவர் பல் நோவால் நாலைந்து நாள் வெறும் கஞ்சி குடித்தால்தான் ஐஎன்ஆர் ஏறும்.

கீரைத்தோட்டம் (8.17)
எங்கள் கிளினிக்கில் கீரை வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். வைத்தியரை விட உங்களுக்குக் கூடத் தெரியுமா?

சாவகச்சேரி மகன் (8.18)
செப்புக் கரண்டியை நக்கியது போல வாய் இருக்கிறது என்று மூன்று நாளாகச் சொல்கிறார். முழங்கையில் இரண்டு கண்டல். விழவில்லை. தலையிடி இல்லை. கடைசி ஐஎன்ஆர் 2.4, போன மாதம்.

கொக்குவில் மருந்தாளர் (8.22)
அந்தச் சுவையையும் நாளுக்கு மூன்று வேளை என்பதையும் வைத்துப் பார்த்தால் அது மெட்ரோனிடசோலாக இருக்கலாம். பல் சீழுக்கு வழமையாகக் கொடுப்பது. வார்பரினை உடைக்கும் கல்லீரல் நொதியை அது தடுக்கிறது. அதே 3 மில்லிகிராம்தான், ஆனால் வெளியேறாமல் உடம்பில் தேங்குகிறது. கசிவும் கண்டலும் சேர்ந்து வந்தபின் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. இரவுக் குளிசை எதையும் கொடுக்காமல் இப்போதே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வார்பரினைத் தொடர்வதா, எப்போது தொடர்வது என்பதை அங்கே முடிவெடுப்பார்கள். கிளினிக் கொப்பியும் கடதாசிப் பையும் கையில் இருக்கட்டும். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்சை அழையுங்கள், காசு இல்லை. பல் நோவுக்கு டைக்ளோபெனக், அஸ்பிரின் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய உறுப்பினர் (8.30)
பெயர் உறுதியாகாமல் சுவையை வைத்து மருந்தைச் சொல்வது முறையல்ல. வார்பரின் எலிக்கு வைத்த நஞ்சு என்பதையும் யாரும் சொல்லவில்லை. அதை முற்றாக நிறுத்துவதுதான் நல்லது.

கொக்குவில் மருந்தாளர் (8.36)
ஐயா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதை விட முடியாது. 1948இல் எலி மருந்தாக வந்தது உண்மை. 1954 முதல் அளவோடு மனிதருக்கும் கொடுக்கிறார்கள். உங்கள் சொல்லைக் கேட்டு ஒருவர் தானாக முற்றாக நிறுத்தினால் இரத்தக்கட்டி மூளைக்குப் போய்க் கையும் காலும் விழுந்துவிடலாம். பெயர் எதுவானாலும் இந்தக் கசிவுக்கு ஆஸ்பத்திரிதான்.

கீரைத்தோட்டம் (8.41)
வாசன், கீரை பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

வல்வை வாசன் (8.45)
சொல்லிவிட்டேன். அளவு மாறாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் ஒரு பிடி, மறு நாள் ஒரு சட்டி என்றால்தான் ஐஎன்ஆர் ஆடும். இப்போது அந்த அம்மா போய்ச் சேர்ந்தாரா என்பதுதான் என் கவலை. தம்பி, எங்கே?

சாவகச்சேரி மகன் (மறுநாள் பகல் 1.20)
இரவே கொண்டுபோனோம். ஐஎன்ஆர் 7.4. வார்டில் மறித்துவிட்டார்கள். விற்றமின் கே கொடுத்தார்கள், கசிவு நின்றுவிட்டது. பல் வைத்தியர் காலையில் எடுத்தார், மெட்ரோனிடசோல் 400தான். வார்பரின் பற்றி அவர் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. மருந்தாளர் அக்காவுக்கு மிகவும் நன்றி. வைத்தியர் வருகிறார், பிறகு எழுதுகிறேன்.

கொக்குவில் மருந்தாளர் (1.34)
வயிற்றில் பால் வார்த்தீர்கள் தம்பி. மெட்ரோனிடசோல் நின்றபின் ஐஎன்ஆர் மறுபடி இறங்கும். வீட்டுக்கு விடும்போது வார்பரின் எத்தனை மில்லிகிராம், அடுத்த இரத்தப் பரிசோதனை எந்தத் தேதி என்று கொப்பியில் எழுதி வாங்குங்கள். சீழுக்கு வேறு என்ன மருந்து தொடங்கினார்கள்?