வார்டு வாரியாகத் தொற்றுக் கணக்கு: வெளியிட வேண்டுமா, கூடாதா?

கொடுங்கையூரான்:
2020 கொரோனா காலத்தில் தினமும் சாயங்காலம் சுகாதாரத் துறை அறிக்கை வரும். மாவட்டத்துக்கு ஒரு வரி, சென்னைக்கும் ஒரே வரி. மாநகராட்சி தனியாக 15 மண்டலக் கணக்கு கொடுத்தது, சரி. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி இங்கே 67 லட்சம் பேர். மண்டலத்துக்குச் சராசரி நாலரை லட்சம். தண்டையார்பேட்டை மண்டலத்தில் இத்தனை பேர் என்றால் அது எங்கள் கொடுங்கையூரா, கொருக்குப்பேட்டையா? அடுத்த பெருந்தொற்று வந்தால் 200 வார்டுக்கும் தினக் கணக்கு தர வேண்டும், அதைச் சட்டமாக்க வேண்டும் என்பது என் கட்சி.

தேவி மகேஷ்:
அந்தக் கணக்கை வைத்து என்ன செய்வீர்கள் அண்ணே? மாஸ்க் போடுவதற்கும் கைகழுவுவதற்கும் வார்டு எண் வேண்டாம். நம் ஊர் என்ன செய்தது என்று பார்த்தோமே. நோயாளி வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். ஏப்ரலில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தது இதே சென்னைதான். தினசரிப் பேட்டியில் டெல்லி மத மாநாட்டுக்குப் போய் வந்தவர்களின் தொற்றை 'ஒரே மூலம்' என்று சொல்லத் தொடங்கியதும் ஒரு மதத்தாரையே நோயாகப் பார்த்தார்கள். டிசம்பரில் வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. எண் சின்னதாகச் சின்னதாக ஆள் தெரிந்துவிடும்.

கொடுங்கையூரான்:
நான் கேட்டது வார்டு, தெருவோ வீடோ இல்லை. ஒரு வார்டில் 33,000 பேர். அதில் யாரை அடையாளம் கண்டுபிடிப்பீர்கள்? அரசு எண்ணைக் கொடுக்காத இடத்தில்தான் வாட்ஸ்அப்பில் பெயரும் முகவரியும் போட்ட பட்டியல் ஓடியது.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் அந்த எண் சரியானது என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் கோயம்பேட்டைச் சொல்கிறேன். 2020 மே 5-இல் சந்தையை மூடினார்கள். கூலித் தொழிலாளர்கள் ஊருக்குப் போனார்கள், அங்கே சோதனை எடுத்தார்கள். உடனே கடலூர், விழுப்புரம், அரியலூர் எண்ணிக்கை எகிறியது. தொற்று பிடித்த இடம் சென்னை, வரி ஏறிய இடம் அரியலூர். நோயாளியின் வீட்டு முகவரிதான் கணக்கில் வரும். அவர் எங்கே தூங்குகிறார் என்று அது சொல்லும், எங்கே வாங்கினார் என்று சொல்லாது. வார்டு அளவில் இந்தக் கோளாறு இன்னும் மோசமாகும், ஏனென்றால் ஆள் வேலைக்குப் போவது வேறு வார்டுக்கு. அப்புறம் தேதி. இன்று அறிவிக்கும் எண் இன்று முடிவு வந்த எண். மாதிரி எடுத்தது சில நாள் முன்பு, தொற்றியது அதற்கும் முன்பு. ஆய்வகத்தில் தேங்கினால் ஒரு நாள் குறையும், மறுநாள் குதிக்கும். ஒரு வார்டில் நேற்று 2, இன்று 6 என்றால் டிவியில் 'மூன்று மடங்கு' என்று ஓடும். அதே நாளில் எத்தனை மாதிரி எடுத்தார்கள் என்பதைக் கூடவே போடாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

லெஸ்டர்வாசி:
இங்கிலாந்து அனுபவம் கொஞ்சம். 2020 ஜூன் கடைசியில் எங்கள் லெஸ்டர் நகரத்துக்கு மட்டும் தனி ஊரடங்கு போட்டார்கள். மருத்துவமனைச் சோதனைகள் மட்டுமே பொதுக் கணக்கில் இருந்ததால் நிலைமை பெரிதாகத் தெரியவில்லை. வெளி மையங்களில் எடுத்த சோதனைகளின் விவரம் உள்ளூர் நிர்வாகத்துக்கே தாமதமாகத்தான் வந்தது என்று மேயர் புலம்பினார். அக்டோபரில் இன்னொரு கூத்து. எக்ஸெல் கோப்பில் இடம் போதாமல் இங்கிலாந்து முழுக்க 15,841 தொற்றுகள் கணக்கில் ஏறாமலே கிடந்தன. அந்த நாட்களில் அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. உள்ளூர் எண் இல்லை என்றால் மருத்துவரும் இருட்டில்தான் இருக்கிறார் தேவி மேடம்.

தேவி மகேஷ்:
உள்ளூர் நிர்வாகத்துக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஊர் முழுக்க ஏன் ஒட்ட வேண்டும்? சுகாதார ஆய்வாளர் கையில் வார்டு பட்டியல் இருந்தால் போதாதா?

கொடுங்கையூரான்:
போதாது. இறப்புக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? மாநிலக் கணக்கும் மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் ஒத்துப்போகவில்லை என்று ஜூனில் செய்தி வந்தது. வெளியே கேள்வி எழுந்த பிறகுதான் குழு போட்டார்கள். 2020 ஜூலை 22-இல் சென்னையின் 444 விடுபட்ட இறப்புகளைச் சேர்த்தார்கள், எல்லாம் மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை நடந்தவை. அவ்வளவு நாளும் 'நம் இறப்பு விகிதம் குறைவு' என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அதிகாரி கையில் பட்டியல் இருந்தது மேடம். அவர் கையில் மட்டும் இருந்ததுதான் சிக்கல்.

கணக்குப்பிள்ளை:
444 வெளியே வந்தது இரண்டு பதிவேடுகளை ஒப்பிட்டதால், வார்டு கணக்கால் இல்லை. எனக்கு வேண்டியது தினக் கணக்கே அல்ல. வாரத்துக்கு ஒரு முறை, மாதிரி எடுத்த தேதிப்படி, வார்டுக்கு எத்தனை சோதனை, எத்தனை தொற்று. 5-க்குக் கீழ் என்றால் '5-க்குக் குறைவு' என்று மட்டும் போடட்டும்.

தேவி மகேஷ்:
வாரம் ஒரு முறை, 5-க்குக் கீழ் மறைத்து என்றால் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தெரு பெயர், குடியிருப்பு பெயர் எந்த அறிக்கையிலும் வரக் கூடாது. 'கட்டுப்படுத்தப்பட்ட பகுதி' என்று தெருப் பட்டியலே போட்டார்களே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கொடுங்கையூரான்:
தகரம் அடித்த தெருவின் பெயரை மறைத்து என்ன பயன் மேடம், அங்கே தகரமே நிற்கிறதே. தினக் கணக்குதான் வேண்டும். வாரம் ஒரு முறை என்றால் ஆறு நாள் வதந்திதான் ஓடும்.