சூடேறியதும் நின்றுவிடும் அம்பாசிடர்: டிஸ்ட்ரிபியூட்டரில் எதை மாற்றுவது?

கேள்வி:
என்னிடம் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் கொண்ட பழைய அம்பாசிடர் மார்க் 2 உள்ளது. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும் வண்டி, நன்றாகச் சூடேறியதும் இடறி நின்றுவிடுகிறது. ஆறிய பிறகு ஒன்றுமே நடவாததுபோல் ஓடுகிறது. பெட்ரோல் கார்புரேட்டர் வரை தடையின்றி வருகிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில், பாயிண்ட் (திறந்து மூடும் சுவிட்ச்) முனைகள் கருகியிருக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். அதற்கு முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

மறுமொழி 1:
முழுதாக மாற்ற அவசரப்படாதீர்கள். சூட்டில் நிற்பதும் முனை கருகுவதும் சேர்ந்து வந்தால் என் முதல் சந்தேகம் பாயிண்டோடு இணைந்த கன்டென்சர் (மின்தேக்கி) மீதுதான். பாயிண்ட் திறக்கும்போது எழும் மின்னழுத்தத்தைக் கன்டென்சர் உள்வாங்காவிட்டால், காயிலின் (பிளக்குக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருள்) காந்தப்புலம் சட்டென்று அடங்காமல், பிளக்குக்குப் போக வேண்டிய ஆற்றல் பாயிண்டிலேயே பொறியாக வீணாகிறது. முனைகள் கருகுவதும் அதனால்தான். வண்டி நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள், பழைய கன்டென்சரின் ஒயரைக் கழற்றிவிட்டு, நல்லதென்று தெரிந்த ஒன்றைக் காயிலின் பாயிண்ட் முனைக்கும் எர்த்துக்கும் (வண்டியின் உலோக உடல்) இடையே வெளியிலிருந்தே இணைத்துப் பாருங்கள். வண்டி ஓடினால் விடை கிடைத்துவிட்டது. ஓடாவிட்டால் அடுத்து காயிலை மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் சூட்டில் மயங்கும் குணம் உண்டு.

மறுமொழி 2:
ரோட்டாரையும் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரம் அனுப்பும் பாகம்) விடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்து, காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை இன்சுலேஷன் உள்ள பிடியால் பிடித்து, ரோட்டாரின் பித்தளைக்கு மேலே ஏறக்குறைய 3 மி.மீ. உயரத்தில் நிறுத்தி, இக்னிஷனைப் போட்டுப் பாயிண்டைத் திறந்து மூடுங்கள். பொறி ரோட்டாருக்குள் பாய்ந்தால் அது உள்ளே ஷாஃப்டுக்கு எர்த் ஆகிறது என்று பொருள். கடையில் இன்று கிடைக்கும் புதியவற்றிலும் இந்தக் கோளாறு உண்டு என்பதால், நன்றாக இருக்கும் பழையதைத் தூக்கி எறிய வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
வெளியில் இணைத்த கன்டென்சருடன் வண்டி நிற்காமல் ஓடியது, நன்றி. கன்டென்சருடன் பாயிண்டையும் புதிதாக மாற்றினேன். இப்போது மேட்டில் ஏறும்போது இன்ஜினில் தட்டும் சத்தம் கேட்கிறது.

மறுமொழி 1:
பாயிண்ட் இடைவெளி அதிகமாகியிருக்கலாம். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறப்பதால் டைமிங்கும் (பிளக்கில் பொறி எழும் நேரம்) முந்திவிடும். ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.015 அங்குலம் வைத்துவிட்டு, அதன் பிறகே டைமிங்கைச் சரிபாருங்கள்; வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும். பாயிண்ட் முனைக்கும் எர்த்துக்கும் இடையே 12 வோல்ட் பல்பை இணைத்து இக்னிஷனைப் போட்டால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் அது எரியும்.