கராத்தே பழகும் பிள்ளைகளின் பெற்றோர், பயிற்சியாளர்களிடம் ஒரு உதவி

வணக்கம். என் மகளுக்கு 11 வயது. கராத்தேயில் சேர்ந்த பிறகு அவளிடம் நல்ல மாற்றம் தெரிகிறது. கூன் போட்டு உட்காருவது குறைந்துவிட்டது, ஒற்றைக்காலில் அசையாமல் நிற்கிறாள், படுத்ததும் தூங்கிவிடுகிறாள். அதனால் நிறுத்த மனமில்லை.

ஆனால் உதைப் பயிற்சி அதிகமான நாட்களில் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் வலிக்கிறது என்கிறாள். தொட்டாலே முகம் சுளிக்கிறாள். வளரும் வயதில் அந்த இடம் இன்னும் முழுதாக எலும்பாகியிருக்காது. தொடைத் தசை திரும்பத் திரும்ப இழுக்கும்போது அங்கே வீக்கமும் வலியும் வரலாம். மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். அதுவரை உதை, குதிப்பு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதே வலி வந்த பிள்ளைகள் எப்படி மெல்ல மெல்லப் பயிற்சிக்குத் திரும்பினார்கள்? அந்த இடைவெளியில் கட்டா (எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசை) மட்டும் செய்யவிட்டீர்களா?

அடுத்தது குமித்தே, அதாவது இருவர் எதிரெதிரே நின்று மோதும் பயிற்சி. எனக்கு இதுதான் பெரிய பயம். தலைக்கவசம் போட்டாலும் மூளை அதிர்வை முழுதாகத் தடுக்க முடியாது. அடிபட்ட பிள்ளைக்குத் தலைவலி, தலைசுற்றல், குழப்பம் எது வந்தாலும் அன்றைக்கு மறுபடி களத்தில் இறக்கவே கூடாது. இதை உங்கள் வகுப்புகளில் கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்களா? இந்த வயதுக்கு முகத்தில் படாத குமித்தே மட்டும் போதும் என்று பயிற்சியாளரிடம் கேட்கலாமா? கேட்டவர்கள் இருந்தால், என்ன பதில் கிடைத்தது என்று தயவுசெய்து எழுதுங்கள்.