புரொப்பெல்லர் பிட்ச் அளக்கும் பட்டறை வட சென்னையில் எங்கே?

காசிமேட்டில் நிற்கும் 32 அடி ஃபைபர் போட். இன்போர்டு டீசல், கியர் 2:1, ஷாஃப்ட் ஒன்றரை அங்குலம், மூன்று இறக்கை வெண்கல புரொப்பெல்லர் 20 x 14 (விட்டம் 20 அங்குலம்; பிட்ச், அதாவது ஒரு சுத்துக்கு முன்னேற வேண்டிய தூரம், 14 அங்குலம்). மூணு வாரம் முன்னாடி வலைக்கயிறு சுத்தி ஒரு இறக்கை நுனி மடங்கிடுச்சு. பட்டறையில் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக் கொடுத்தாங்க, கண் அளவுதான். இப்போ 1600 ஆர்பிஎம் தாண்டினா பின்பக்கம் உதறுது. 2400 போக வேண்டிய இன்ஜின் 2100-லயே நின்னு கரும்புகை தள்ளுது.

இதுவரை பார்த்தது: கியரையும் ஷாஃப்ட்டையும் இணைக்கிற கப்ளிங்கின் இடைவெளி ஃபீலர் கேஜில் சுத்திலும் 0.1 மிமீக்குள். ஷாஃப்ட்டை லேத்தில் ஏத்தி டயல் வெச்சோம், வளைவு இல்லை. ஷாஃப்ட்டைத் தண்ணிக்குள்ள தாங்குற கட்லெஸ் பேரிங் புதுசு. சாவி (புரொப்பெல்லரை ஷாஃப்ட்டோட பூட்டுற உலோகத் துண்டு) இல்லாம புரொப்பெல்லரை ஏத்தி ஷாஃப்ட்டில் கோடு போட்டு, சாவியோட ஏத்தினப்பவும் அதே கோட்டுக்கு வருது. அப்போ புரொப்பெல்லர் சாவி மேல ஏறி உட்காரலை. ஸ்டேட்டிக் பேலன்ஸும் சரி. ஆனா பேலன்ஸ் எடையைத்தான் காட்டும், பிட்ச்சைக் காட்டாது. ஹல்லில் கம்பி நிறுத்தி கையால சுத்திப் பார்த்தா, ரெண்டு இறக்கை நுனி கம்பியை உரசுது, தட்டின இறக்கை மட்டும் 6 மிமீ தள்ளிப் போகுது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்குள்ள, பிட்ச் கேஜ் வெச்சு ஒவ்வொரு இறக்கையையும் தனித்தனியா அளந்து சரிபண்ற பட்டறை எங்கே இருக்கு?