செங்கோட்டை வீடு குழு: ஆச்சியின் ஸ்டூடியோ படம்

பெரியத்தை (செங்கோட்டை): [படம்]
இது அம்மா 1978இல் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம். ஆல்பத்தில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. கடையில் ஸ்கேன் செய்து வாங்கியதில் முகமெல்லாம் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக வந்திருக்கிறது. 85 வயது விசேஷத்துக்கு மண்டப வாசலில் பெரிதாக வைக்க வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

தம்பி (கொல்லம்): அத்தை, ஒரு ஆப்பில் போட்டு எடுத்துவிட்டேன். [படம்] ஒரு கட்டம்கூட இல்லை, பாருங்கள்.

மைனி (ஆரியங்காவு): அட, பளிச்சென்று இருக்கிறதே!

பெரியத்தை: பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் இது யார் தம்பி? பாம்படம் போட்டுத் தொங்கின காது எங்கே போயிற்று? கன்னத்து அம்மை வடுவையும் காணோம்.

நான்: அத்தை சொல்வது சரி. அந்த மாதிரி ஆப் படத்தைத் துடைப்பதில்லை. தான் பார்த்துப் பழகிய எத்தனையோ முகங்களை வைத்து, இந்த இடத்தில் இப்படி இருக்கலாம் என்று புதிதாக வரைந்துவிடுகிறது. வாசலில் வைக்கிற படம் ஆச்சியாக இருக்க வேண்டும். தயவுசெய்து அதை யாரும் பிரிண்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சித்தப்பா (புனலூர்): அப்படியானால் கொஞ்சம் பிளர் கொடுத்தால் போதாதா? கட்டம் மங்கிவிடுமே.

நான்: கட்டம் மங்கும் சித்தப்பா. கூடவே கண் இமை, அம்மை வடு, சேலைக் கரை எல்லாம் மங்கும். பிளருக்கு எது தாள், எது ஆச்சி என்று தெரியாது.

அந்தக் கட்டம் அழுக்கும் இல்லை, கறையும் இல்லை. அந்தக் காலத்து சில்க் பேப்பரில் மேற்பரப்பே மேடு பள்ளமாக அழுத்தப்பட்டிருக்கும். கையில் வைத்துப் பார்க்கும்போது அது நம் கண்ணை உறுத்தாது. ஸ்கேனரில் விளக்கு ஒரே பக்கத்திலிருந்து சாய்வாக அடிக்கிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். அதுதான் கட்டமாகப் பதிகிறது.

மைனி: அப்படியென்றால் படத்தைத் திருப்பி வைத்தால் நிழலும் மறுபக்கம் விழுமே?

நான்: அதேதான் மைனி! முதல் வேலையே அதுதான். உங்கள் ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 பிக்சல், வைத்து ஒரு முறை எடுங்கள். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை. ஆட்டோ கலர், ஷார்ப்பன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டையும் தரம் குறையாத டிஃப் கோப்பாக, வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும்.

பெரியத்தை: ஆல்பத்தை நாளை பஸ்ஸில் கொண்டுவருகிறேன். யாரிடமும் கொடுத்துவிட மாட்டேன்.

மறுநாள்

மைனி: [டாக்குமென்ட்] [டாக்குமென்ட்]
இரண்டும் அனுப்பிவிட்டேன். அத்தை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார்.

நான்: அருமையாக வந்திருக்கிறது. இரண்டாவதை நேராகத் திருப்பி, முதலாவதன் மேல் வைத்து, கண்ணும் மூக்கும் சரியாகப் பொருந்தும்வரை நகர்த்தி, மேல் படத்தைப் பாதி ஒளிபுகும்படி செய்தேன். ஒன்றின் நிழலில் மற்றதன் வெளிச்சம் விழுந்து கட்டம் பெருமளவு அடங்கிவிட்டது. ஆனாலும் நெற்றியில் லேசாகத் தெரிகிறது. மீதிக்கு ஃபூரியே வேண்டும்.

சித்தப்பா: ஃபூரியே என்றதும் எனக்குப் பழைய வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. ஜோசப் ஃபூரியே, பிரெஞ்சுக்காரர். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்து 1822இல் புத்தகமே போட்டார். எந்த வடிவத்தையும் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதை கம்ப்யூட்டர் வேகமாகச் செய்ய 1965இல் கூலி, டூக்கி என்ற இருவர் ஒரு வழிமுறை வெளியிட்டார்கள். எஃப்எஃப்டி என்பது அதுதான். வெப்பத்துக்காக எழுதிய கணக்கு எங்கள் அம்மா படத்துக்கு உதவுகிறதா!

நான்: உதவுகிறது சித்தப்பா. இமேஜ்ஜே என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, ஆராய்ச்சிக் கூடங்களில் பயன்படுத்துவது. அதில் படத்தைத் திறந்து பிராசஸ், எஃப்எஃப்டி என்று கொடுத்தால் கருப்புத் திரையில் வெளிச்சப் புகை மாதிரி ஒன்று வரும். [படம்]

நடுவில் இருக்கும் பெரிய வெளிச்சம் படத்தின் மொத்தப் பிரகாசமும் பெரிய வடிவங்களும். அதைத் தொடவே கூடாது. அதிலிருந்து தள்ளி, எதிரெதிராக ஜோடி ஜோடியாக ஆறு புள்ளிகள் கூர்மையாகத் தெரிகின்றன அல்லவா? அதுதான் தாளின் கட்டம். முகம் எங்கும் திரும்பத் திரும்ப வருவதில்லை, அதனால் அது புகையாகப் பரவிக் கிடக்கிறது. கட்டம் ஒரே இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருவதால் சில புள்ளிகளில் குவிந்துவிடுகிறது. அந்தப் புள்ளிகளின் மேல் மட்டும் சின்னதாகக் கருப்பு வட்டம் வைத்து, இன்வர்ஸ் எஃப்எஃப்டி, அதாவது அதே கணக்கைத் திருப்பிச் செய்வது, கொடுத்தால் படம் திரும்பி வரும். கட்டம் போயிருக்கும், ஆச்சி அப்படியே இருப்பார்.

தம்பி: அக்கா, நானும் உன் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஆறு இல்லை, இன்னும் நான்கு புள்ளிகள் இருக்கின்றன. மேலும் கீழும், இடமும் வலமும். அதையும் அழித்துவிடட்டுமா?

நான்: நில் நில், அழிக்காதே! ஆச்சி கட்டியிருப்பது கட்டம் போட்ட கண்டாங்கி. அந்த நான்கும் சேலையின் கட்டம். அழித்தால் சேலை வெளுத்து வெறும் துணியாகிவிடும்.

சந்தேகம் வந்தால் ஒரு வழி இருக்கிறது. ஆச்சிக்குப் பின்னால் ஸ்டூடியோவின் வெறும் திரை தெரிகிறதே, அந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி அதற்குத் தனியாக எஃப்எஃப்டி எடு. அங்கே முகமும் இல்லை, சேலையும் இல்லை. அங்கே வருகிற புள்ளிகள் தாளுடையவை. அந்தத் திசைகளில் வருவதை மட்டும் முழுப்படத்தில் மூடினால் போதும்.

தம்பி: வெட்டிப் பார்த்தேன். ஆறுதான் வருகிறது. சேலைப் புள்ளிகள் இல்லவே இல்லை!

நான்: அவ்வளவுதான் விஷயம். வட்டத்தைப் பெரிதாகப் போடாதே. பெரிதானால் முகத்தின் ஓரங்களில் அலை அலையாகக் கோடு வரும்.

பெரியத்தை: எனக்குக் கணக்கெல்லாம் புரியவில்லை. வந்த படத்தைக் காட்டுங்கள்.

நான்: [படம்]

பெரியத்தை: அம்மாவேதான். காது, வடு, எல்லாம் இருக்கிறது. கண்டாங்கிக் கட்டத்தை எண்ணிவிடலாம் போல. இதையே பிரிண்டுக்குக் கொடுங்கள்.

சித்தப்பா: [படம்]
அப்படியே இதையும் பார். அப்பா ரயில்வேயில் கேங்மேனாக இருந்தபோது பேப்பரில் வந்தது. கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தின் கீழ் நிற்கிறார், மேலே நீராவி இன்ஜின். 1904இலிருந்து ஓடிய மீட்டர் கேஜ் 2010இல் நின்றுவிட்டது, 2018இல் அகலப்பாதை வந்துவிட்டது. இனி இப்படி ஒரு படம் எடுக்கவே முடியாது. செல்போனில் எடுத்தால் பாலம் முழுக்கக் கோலம் போட்ட மாதிரி வளைவு வளைவாக வருகிறது.

நான்: இது வேறு கதை சித்தப்பா. பேப்பரில் படமே புள்ளிகளால்தான் அச்சாகிறது. அங்குலத்துக்குச் சுமார் 85 வரிசை. கேமராவின் கட்டமும் அந்தப் புள்ளியும் மோதும்போது இல்லாத வளைவு பிறக்கிறது. அதனால் முதலில் புள்ளிகள் தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் செய்ய வேண்டும். 600 டிபிஐ வைத்தால் ஒரு புள்ளிக்கு ஏழு பிக்சல் கிடைக்கும், அது போதும். பேப்பர் கட்டிங்கின் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வையுங்கள், மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியாது.

அதன் பிறகு அதே எஃப்எஃப்டிதான். கருப்பு மை என்றால் புள்ளி வரிசை வழக்கமாக 45 டிகிரி சாய்வில் இருக்கும், வெளிச்சப் புள்ளிகளும் மூலைவிட்டமாக வரும். நன்றாக மூடலாம்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆச்சி படத்தில் முகம் தாளின் அடியில் முழுசாக இருந்தது. தாத்தா முகம் இங்கே மொத்தமே சில பத்துப் புள்ளிகள். புள்ளிகளை எடுத்தால் வழவழப்பாகும், ஆனால் அச்சில் இல்லாத கண்ணும் மீசையும் வராது. வரவைக்கவும் கூடாது. அதனால் இதைப் பெரிதாக்காமல் உள்ளங்கை அளவில் ஃப்ரேம் போடலாம். பாலம் அழகாகத் தெரியும், தாத்தா நிற்கும் தோரணையும் தெரியும்.

சித்தப்பா: தோரணை போதும். கறுப்புத் தாள் வைத்து ஸ்கேன் செய்து சாயங்காலம் டாக்குமென்டாக அனுப்புகிறேன்.

நான்: சரி சித்தப்பா. கட்டிங்கின் பின்பக்கத்தையும் ஒரு ஸ்கேன் எடுங்கள். தேதி அங்கே இருந்தாலும் இருக்கும்.